பாடி வந்தாச்சா?

பாடிக்காரர் என்றதும் பாட்டுப் பாடுகிறவர் என்று நினைத்துத் தலையாட்டத் தயாராகிவிடாதீர்கள். தலையாட்ட வேண்டித்தான் வரும். காரணம் வேறு.

சினிமா எடுக்கும் டிஜிட்டல் கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, மானிட்டரைக் கழற்றி, பேட்டரியையும் உருவிவிட்டால் ஒரு கறுப்புப் பெட்டி மிஞ்சும். தொழிலில் அதற்குப் பெயர் பாடி. அந்தப் பெட்டிக்குள் வெளிச்சத்தை அனுப்பிப் படம் எடுப்பவர் ஒளிப்பதிவாளர். அதே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் திருகாணித் துளைகளை எண்ணிக்கொண்டிருப்பவர் பாடிக்காரர்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். தியேட்டரில் கதாநாயகி சாகக் கிடக்கிறாள், அரங்கமே மூக்கை உறிஞ்சுகிறது, அப்போது முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டி, "பின்னால ஜன்னலைப் பாருங்க, வெளியில அவ்வளவு வெயில், வெளுக்கவே இல்ல!" என்று ஒருவர் பரவசப்பட்டால், அவர்தான். கதாநாயகி செத்ததை அவர் கவனித்திருக்கமாட்டார். ஜன்னல் பிழைத்ததை மட்டும் கவனித்திருப்பார்.

நாம் பார்க்கப்போகும் பாடிக்காரர், வேலையால் ஒரு லிஃப்ட் கம்பெனியின் சூப்பர்வைசர். இந்த இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. கதவு மூடிவிட்டால் பதினோராம் மாடி வரைக்கும் கேட்பவர் எங்கே போவார்?

ஆனால் ஒரு மனிதரை முழுதாக அறிய வேண்டுமானால் அவரோடு லிஃப்டில் ஏறினால் போதாது. அவர் வீட்டில் இருக்க வேண்டும். இருந்தவள் அவருடைய மனைவி. அவளுக்கும் ஒரு வேலை உண்டு: காது பரிசோதனை. மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒரு நாளைக்கு இருபது முறை அவள் சொல்லும் வாசகம் இது: "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. மெல்லிசா கேட்டாலும் தூக்குங்க. சந்தேகமா இருந்தாலும் தூக்குங்க." அப்படிப்பட்டவள், வீட்டுக்கு வந்தால் கேட்பது ஒரே சத்தம்.

அந்தச் சத்தம் தொடங்கிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. கூரியர்காரன் இறங்கிப் போன அடுத்த நிமிடம், மாடிப்படியில் நின்று பாடிக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் அவரைப் போலவே இன்னொரு பாடிக்காரர். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"பாடி வந்தாச்சா?"

"வந்தாச்சு. மேல ரூம்ல வச்சிருக்கேன்."

"எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு. உடம்புல ஒரு கீறல் இல்ல. கையை எடுக்கவே மனசு வரல."

கீழ்வீட்டு அம்மாள் காய்கறி நறுக்குவதை நிறுத்தினார். கால் மணி நேரத்தில் தம் கணவரையும் அழைத்துக்கொண்டு, முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டு மேலே வந்தார். கணவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"எப்ப எடுக்கறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலை சார். நல்ல கதையா அமையணும்."

"அதுவரைக்கும்... இங்கேயேவா?"

"பின்ன? ஏசி ரூம்லதான் வச்சிருக்கேன். வாங்களேன், தொட்டுப் பாருங்க."

அந்தத் தம்பதி அன்று இறங்கிப்போன வேகத்தை அந்தப் படிக்கட்டு அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இதில் சொல்ல வேண்டியது என்னவென்றால், மூன்று வருடமாகியும் பாடிக்காரர் எடுக்கவில்லை. கதை அமையவில்லை. இந்த மூன்று வருடத்தில் அந்தக் கேமரா கண்ணால் கண்டவை: எதிர்வீட்டுச் செங்கல் சுவர், அதன் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, வண்ணக் கட்டங்கள் அச்சடித்த ஓர் அட்டை, அசையாத திரைச்சீலை, ஃபேனைப் போட்டதால் அசையும் திரைச்சீலை, தோலின் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க மனைவியின் இடது முழங்கை. முகத்தை எடுக்கவில்லையா? இல்லை. முழங்கை போதுமாம். முகம் என்றால் பேசும்.

அதற்குப் பதிலாக விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுவார். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களாவது ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள், வீட்டுக்கு அறை குறைவு. பாடிக்காரரோ கேமராவை மேசையில் வைத்து, மூடியிருக்கும் துணியை எடுத்து, நெற்றியிலிருந்து தொடங்குவார்.

"இந்தக் கேபிளை இழுங்க. இழுங்க சார், பயப்படாதீங்க. வராது. திருகிப் பூட்டிக்கும். ஷூட்டிங்ல எவனாவது கால் தடுக்கி விழுந்தாக்கூட இது கழலாது. அங்கதான் நிக்கிறான்!"

"இந்தச் சக்கரத்தைத் திருப்புங்க. உள்ளே கறுப்புக் கண்ணாடி இறங்குது பாருங்க. வெயில்ல வெளிச்சம் ஜாஸ்தியா? வெளியில எதையும் மாட்ட வேண்டாம், உள்ளேயே இறங்கிடும். அங்கதான் நிக்கிறான்!"

"இந்தக் கொக்கியைப் பாருங்க. சின்னதா. எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்? சொல்ல முடியாது. இதுல டேப்பை மாட்டி ஹீரோ மூக்கு வரைக்கும் அளக்கணும். ஃபோகஸுக்கு. யோசிச்சிருக்கான் பாருங்க!"

யார் அந்த அவன்? எங்கேதான் நிற்கிறான்? முதல் வருடம் முழுவதும் மனைவிக்கு இது புரியவில்லை. கேமராவை வடிவமைத்த, பெயர் தெரியாத, முகம் தெரியாத ஏதோ ஒரு பொறியாளன் என்று பிறகு தெரிந்துகொண்டாள். அதற்குள் அவன் அந்த வீட்டில் எல்லா இடத்திலும் நின்றுகொண்டிருந்தான். பொத்தான் ஓரத்தில் நிற்பான், திருகாணித் துளையில் நிற்பான், கைப்பிடி வளைவில் நிற்பான். கணவர் இவ்வளவு அன்பாகப் பேசும் ஒரே மனிதன் அவன்தான். அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஒருநாள் அந்தக் கொக்கியில் தன் வீட்டுச் சாவியை மாட்டிவைத்தாள். அன்று வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

சுற்றுலாவின் கடைசி ஊர், ஃபேன். கேமராவுக்குள் ஒரு குட்டி ஃபேன் இருக்கிறது. பெட்டி சூடாகாமல் பார்த்துக்கொள்ளும். இதைச் சொல்லும்போது மட்டும் பாடிக்காரரின் குரல் தணிந்துவிடும், கண் லேசாகப் பனிக்கும்.

"சும்மா இருக்கும்போது வேகமா ஓடும். கேளுங்க, 'ர்ர்ர்'னு சத்தம் கேட்குதா? இப்ப ரெக்கார்டை அழுத்தறேன். கேளுங்க. அடங்கிடுச்சா? ரெக்கார்ட் ஆகும்போது தானா அடங்கிடும். வசனத்துல ஃபேன் சத்தம் கலக்கக்கூடாதுல்ல? நிறுத்தினா மறுபடி ஓடும். அங்க... அங்கதான் நிக்கிறான் சார்!"

விருந்தாளிகளுக்கு ஓடியதும் கேட்காது, அடங்கியதும் கேட்காது. "ஆமாமா" என்பார்கள். மனைவிக்கு மட்டும் கேட்கும். அது அவள் தொழில். சமையலறையில் நின்றபடியே, ஓடுகிறது, அடங்குகிறது, ஓடுகிறது என்று அவள் காது தன்பாட்டில் குறித்துக்கொள்ளும். மூன்று வருடம். எத்தனை விருந்தாளிகள்! விருந்தாளிகள் ஒவ்வொருவரும் ஒருமுறை கேட்டுவிட்டு மறுபடி வராமல் இருந்துவிட்டார்கள். அவளால் அது முடியுமா?

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய தங்கை வந்து சேர்ந்தாள்.

தங்கை நாடக நடிகை. வாரத்தில் ஐந்து நாள் பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்வாள், மீதி இரண்டு நாள் மேடையில் அழுவாள், சிரிப்பாள், சாவாள். ஒன்பது வருடமாக ஒரு சினிமாவில் தலைகாட்ட முயன்றுகொண்டிருக்கிறாள். இப்போது ஒரு பெரிய படத்தில் முக்கியமான வேடத்துக்கு ஆறு பேரைப் பொறுக்கி, ஆளுக்கு ஒரு காட்சியை நடித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை ஆறு மணி கெடு. காட்சி இதுதான்: ஒரு பெண் கண்ணாடி முன் உட்கார்ந்து, தன்னை விட்டுப்போனவனிடம் பேசுவதுபோல் தனக்குத்தானே பேசிக்கொண்டு, இடுப்பு வரை நீண்ட பின்னலை வெட்டிப்போடுகிறாள்.

தங்கை ஒரு பையில் சவுரிமுடி கொண்டுவந்திருந்தாள். நாடகத்துக்கு வைப்பது. நல்ல சவுரி. அதை மட்டும் வெட்டுவதாகத் திட்டம்.

பாடிக்காரர் சவுரியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். செத்த எலியைத் தூக்குவதுபோல.

"இது வேலைக்கு ஆகாதும்மா."

"ஏன் மாமா? மேடையில முதல் வரிசைக்கே தெரியாது."

"முதல் வரிசைக்காரனுக்கு இருக்கறது ரெண்டு கண்ணு. இது என்ன கேமரா தெரியுமா? மயிர்க்கால் வரைக்கும் காட்டும். சவுரி வச்சா சவுரின்னு சொல்லிடும். பொய் சொல்லத் தெரியாதும்மா இதுக்கு."

"அப்ப என்ன பண்றது?"

"நிஜத்தை வெட்டு."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன பேசறீங்க? பதினோரு வருஷமா வளர்த்த முடி அது."

"பதினோரு வருஷம் வளர்த்ததை எடுக்கறதுக்குத்தானே இப்படி ஒரு கேமரா? முடி மறுபடி வளரும். இந்த சான்ஸ் வளருமா?"

தங்கை பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். மேடையில் அவளுக்குக் கிடைத்த பாதிப் பாராட்டு அந்தப் பின்னலுக்குக் கிடைத்தது. ஒன்பது வருடத்தை ஒரு கையிலும் பதினோரு வருடத்தை ஒரு கையிலும் வைத்து நிறுத்துப் பார்த்தாள் போலிருக்கிறது. கடைசியில் நிமிர்ந்தாள்.

"சரி. ஆனா ஒரே தடவைதான் முடியும் மாமா. தப்பாச்சுன்னா ஒட்டவைக்க முடியாது."

"தப்பா? இதுலயா?" பாடிக்காரர் சிரித்தார். தப்பு என்ற சொல்லையே முதல்தடவையாகக் கேட்பதுபோல் சிரித்தார்.

மதியம் மூன்று மணிக்குத் தொடங்கியது படப்பிடிப்பு. அதாவது, அலங்காரம். படுக்கையறையில் கண்ணாடி அலமாரிக்கு எதிரே முக்காலியை நிறுத்தி, பாடியை ஏற்றி, அதன் மேல் கைப்பிடி, அதன் மேல் மானிட்டர், பக்கவாட்டில் ஒயர் இல்லாமல் படம் அனுப்பும் ஒரு டப்பா, அதைத் தாங்க ஓர் இரும்புக் கை, அந்தக் கையைத் தாங்க இன்னொரு கை என்று மாட்டிக்கொண்டே போனார். கேமராவின் இடுப்பில் ஒரு சின்னத் திரை உண்டு. ரெக்கார்ட் ஓடுகிறதா நிற்கிறதா என்று எழுத்தில் சொல்வது. அதன் மேல் டப்பா உட்கார்ந்துகொண்டது. மானிட்டரில் தெரியும் எழுத்துகளையும் அணைத்தார். "ஃபிரேமைப் பார்க்கணும். எழுத்தைப் படிக்கறதுக்கு இதென்ன பேப்பரா?" கேமராவின் நாலு பக்கமும் நாலு சிவப்பு விளக்கு, ரெக்கார்ட் ஆகும்போது எரிவது. எதிரே கண்ணாடி இருந்ததால் அவை பிரதிபலிக்கும் என்று நாலின் மேலும் கறுப்பு டேப் ஒட்டினார். ரெக்கார்ட் ஆகிறதா இல்லையா என்று சொல்ல அந்தப் பொறியாளன் எத்தனை வழி வைத்திருந்தானோ, அத்தனையையும் அவனுடைய பரம ரசிகர் ஒவ்வொன்றாக அடைத்தார்.

ஒன்றைத் தவிர.

பிறகு மச்சினிக்குப் பொத்தானின் அருமையை விளக்கினார்.

"இதைக் கேளு. க்ளிக். கேட்டுச்சா? எவ்வளவு மிருதுவா இறங்குது பாரு. கையுறை போட்டுக்கிட்டு அழுத்தினாலும் விரலுக்குத் தெரியும். பனியில ஷூட் பண்றவனுக்காக யோசிச்சிருக்கான்."

"இங்க ஏது மாமா பனி?"

"வந்தா?"

க்ளிக் என்றதே, அது ரெக்கார்ட் பொத்தான். அழுத்திக் காட்டினவர் அதை மறுபடி அழுத்தி நிறுத்தினாரா? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இல்லை. அவர் அதற்குள் கொக்கிக்குப் போய்விட்டார், டேப்பை மாட்டி மச்சினியின் மூக்கு வரை அளந்தார், அங்கிருந்து கறுப்புக் கண்ணாடிச் சக்கரத்துக்கு, அங்கிருந்து பூட்டுக் கேபிளுக்கு. முழுச் சுற்றுலா. தங்கை கண்ணாடி முன் உட்கார்ந்து வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அவள் கண்ணை மூடி அந்தப் பெண்ணாக மாறப் போகும்போதும், "இங்க பாரும்மா" என்று இவர் அவளைப் பல் மருத்துவமனைக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்.

மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வெட்டிய முடி விழுவதற்குத் தரையில் துணி விரிக்க வேண்டாம், படத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டதால் அவளுக்கு வேலை இல்லை. அறை அமைதியாக இருந்தது. கணவரின் பேச்சு துல்லியமாகக் கேட்டது. வழக்கத்தைவிடத் துல்லியமாக.

வெட்டுவதற்கு முன் பேச்சை மட்டும் இரண்டு தடவை எடுத்துவைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பாடிக்காரர் கைப்பிடியில் இருந்த இன்னொரு ரெக்கார்ட் பொத்தானை அழுத்தி, "ரோலிங்!" என்றார். தங்கை பேசினாள். எங்கோ மெலிதாக ர்ர்ர் என்று ஒரு சத்தம். மேல்வீட்டுத் தண்ணீர் மோட்டாராக இருக்கும் என்று மனைவி நினைத்தாள். "கட்!" என்று பாடிக்காரர் மறுபடி அழுத்தினார். சத்தம் நின்றது. மோட்டாரை அணைத்துவிட்டார்கள்.

"எப்படி மாமா இருந்தது?"

"அருமை. உன் பின்னால இருக்கற நிழல்ல ஒரு புள்ளி இல்ல."

"நான் எப்படி இருந்தேன்?"

"நீயும் இருந்தே."

பதினைந்து நிமிடம் நிழலைப் பற்றிப் பேசினார். மறுபடி "ரோலிங்!" மறுபடி ர்ர்ர். மறுபடி "கட்!" அமைதி. மேல்வீட்டுக்காரர்கள் இப்படி அடிக்கடி மோட்டாரைப் போட்டுப் போட்டு அணைக்கிறவர்கள் இல்லையே என்று மனைவிக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாடிக்காரர் ரோலிங் என்ற சொல்லின் வரலாற்றுக்குள் போயிருந்தார்.

மணி ஐந்தே கால்.

"சரி, இப்ப நிஜம்," என்றார் பாடிக்காரர். அவர் குரலிலேயே இப்போது கொஞ்சம் நடுக்கம் இருந்தது. மனிதர் கல் இல்லை. மூன்று வருடத்தில் முதல்தடவையாக அந்தக் கேமரா செங்கல் அல்லாத ஒன்றைப் பார்க்கிறது.

தங்கை கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"ரோலிங்!"

தங்கை கண்ணாடியைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். முந்தைய இரண்டு தடவை பேசியது வேறு, இது வேறு. "நீ வாசல்ல செருப்பு மாட்டும்போதே எனக்குத் தெரியும்" என்று மெதுவாகச் சொல்லும்போது மனைவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தங்கையின் கை பின்னலைப் பிடித்தது. கத்தரிக்கோல் மேலே வந்தது. விரிந்தது. பின்னலின் வேர்ப்பக்கம் இரண்டு அலகுக்கும் நடுவே போனது.

ர்ர்ர்.

மோட்டார் இல்லை. மேலேயிருந்து வரவில்லை. முக்காலியிலிருந்து வருகிறது.

மனைவியின் வாயைவிட அவள் கை முந்திக்கொண்டது. பஞ்சு அறையில் பதிமூன்று வருடமாக அவள் எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தூக்கினார்களே, அதுபோல வலது கை நேராக மேலே போனது.

கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. தங்கையின் கத்தரிக்கோல் நின்றது. மூன்றே மூன்று முடி அறுந்து தரையில் விழுந்தது.

"கெடுத்தியே!" பாடிக்காரர் கத்தினார். "கண்ணாடியில உன் கை தெரியுது! எடுத்தது எல்லாம் போச்சு! என்ன, ஸ்கூலா இது, கையைத் தூக்கறே?"

"சத்தம் கேட்குதுங்க."

"என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேட்கலையே."

"ஃபேன் ஓடுது."

"ஓடட்டும்! கேமரான்னா ஃபேன் ஓடாதா?"

"ரெக்கார்ட் ஆனா அடங்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க? நிறுத்தினாத்தான் ஓடும்னு? அங்கதானே அவன் நிக்கிறான்?"

பாடிக்காரர் டப்பாவை விலக்கி, கேமராவின் இடுப்புத் திரையைப் பார்த்தார். பிறகு ஒரு விளக்கின் மேலிருந்த டேப்பைப் பிய்த்தார். விளக்கு எரியவில்லை. அந்த அறையில் அவர் பேசாமல் இருந்த முதல் அரை நிமிடம் அதுதான்.

முதல் க்ளிக்கில் ரெக்கார்டிங் ஓடத் தொடங்கியது, 'ரோலிங்' என்றபோதெல்லாம் நின்றிருக்கிறது, 'கட்' என்றபோதெல்லாம் ஓடியிருக்கிறது. தங்கை பேசியது ஒரு வரிகூட இல்லை. கேமராவில் இருந்தது நாற்பத்திரண்டு நிமிடம் பாடிக்காரர், மெமரி கார்டில் மிச்சம் ஒரு நிமிட இடம். அவருடைய வேட்டியின் ஓரம், டேப்பைப் பிடித்த கை, சில இடங்களில் மோவாய். குரல் மட்டும் முழுதாக, ஒரு பிசிறு இல்லாமல், ஃபேன் சத்தம் கலக்காமல்.

தங்கை கத்தரிக்கோலை இன்னும் கீழே வைக்கவில்லை. "அழிச்சிட்டு மறுபடி எடுங்க மாமா. சீக்கிரம்."

பாடிக்காரர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இரும்மா... ஏய், இங்க வாயேன், இந்த ஜன்னலைப் பாரு."

"எந்த ஜன்னல்?"

"என் தோளுக்குப் பின்னால. வெளியில நாலு மணி வெயில். உள்ள என் சட்டை இருட்டு. ரெண்டும் தெரியுது! வெளுக்கவே இல்ல! திட்டம் போட்டு எடுத்தாலும் இப்படி வராது."

"ஏங்க, மணி அஞ்சு இருபத்தஞ்சு."

"முதல்ல இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"வேற கார்டு போடுங்க. கார்டு போடறதுக்கு ரெண்டு இடம் இருக்கு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும், அங்கதான் நிக்கிறான்னு எத்தனை தடவை சொன்னீங்க?"

"இடம் ரெண்டு," என்றார் பாடிக்காரர். "கார்டு ஒண்ணு."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அந்த வீட்டில், கேமராவைப் பற்றிய ஒரு முழு உண்மை.

திரையில் கேள்வி வந்து நின்றது. எல்லாவற்றையும் அழிக்கலாமா? அவர் விரல் பொத்தானுக்கு மேலே மிதந்தது. நாற்பத்திரண்டு நிமிடம்! தன்னை இத்தனை பொறுமையாக, இத்தனை துல்லியமாக, குறுக்கே பேசாமல் ஓர் உயிர் கேட்டது இதுதான் முதல் தடவை. அதைப்போய் எப்படி அழிப்பது?

தங்கை எழுந்து வந்தாள். கத்தரிக்கோலை விரித்து, கேமராவிலிருந்து மானிட்டருக்குப் போகும் கேபிளை அதன் நடுவே வைத்தாள்.

"இது இழுத்தா கழலாதுன்னு சொன்னீங்கல்ல மாமா? வெட்டினா?"

பாடிக்காரர் பொத்தானை அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு.

"நீங்க கொஞ்சம் ஹால்ல உட்காருங்க," என்றாள் மனைவி.

"அப்ப யார் எடுக்கறது?"

"நான்."

"உனக்கு என்ன தெரியும்?"

நல்ல கேள்வி. கேட்டவருக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். அவரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, இன்னொரு டேப்பையும் பிய்த்துப் போட்டுவிட்டு, மனைவி பொத்தானை அழுத்தினாள். ர்ர்ர் உடனே நிற்கவில்லை. காத்திருந்தாள். அடங்கியது. சந்தேகமில்லாமல் அடங்கியது. தலையை அசைத்தாள்.

கதவுக்கு வெளியே காதை வைத்து நின்றவருக்குக் கேட்டது இவ்வளவுதான்: மச்சினியின் குரல், கொஞ்சம் அமைதி, பிறகு கறக் கறக் என்று, ஈரச் சணலை அறுப்பதுபோல ஒரு சத்தம். ஒரே வெட்டில் அறுந்துவிடும் என்று கதையில்தான் எழுதுவார்கள். பதினோரு வருடப் பின்னல் ஏழெட்டு வெட்டு கேட்டது. ஐந்தாவது வெட்டில் தங்கை நிஜமாகவே அழுதுவிட்டாள், ஆனாலும் நிறுத்தவில்லை. மனைவிக்குக் கை நடுங்கியது. நடுங்கிய கையோடு முக்காலியிலிருந்த கேமராவைக் கீழே சாய்த்து, தரையில் கிடந்த பின்னலைக் காட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தங்கச்சி முடி விழுந்தால் அக்கா கண் எங்கே போகும்? அங்கேதான் போனது.

ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது காட்சி போய்ச் சேர்ந்தது. மயிர்க்காலைக் காட்டும் அந்தப் பிரம்மாண்டமான படத்தை அப்படியே அனுப்ப முடியாது. சுருக்கி, மறுபடி சுருக்கி, போனில் அனுப்பும் அளவுக்குக் கொண்டுவந்துதான் அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள் தங்கை போன் செய்தாள். கழுத்து வரை நின்ற முடி அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. இருந்தாலும் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொள்ளும் கை மட்டும் இன்னும் பழக்கத்தை விடவில்லையாம்.

"அக்கா, கிடைச்சிடுச்சு! நான்தான்!"

அக்கா போனைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"கடைசியில ஷாட் நடுங்குதே, அது யாரு எடுத்தாங்கன்னு கேட்டாங்க. அக்கான்னு சொன்னேன். எதுல பார்த்தீங்க சார்னு டைரக்டரைக் கேட்டேன். போன்லயாம். கார்ல போகும்போது."

"போன்லயா?"

"இன்னொண்ணு கேளு. ஷூட்டிங் ரெண்டு மாசத்துல. இந்த சீன் படத்துலயும் இருக்கு. நான் பயந்துபோய், சார், இப்ப எனக்கு முடி இல்லையேன்னேன். அவர் சொல்றாரு, 'அதனால என்னம்மா, சவுரி வச்சுக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?'"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கி, எப்போது அழத் தொடங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

பாடிக்காரர் என்ன ஆனார் என்கிறீர்களா? அவருக்கென்ன, திருந்திவிட்டாரா என்ன? முன்பைவிட நன்றாக இருக்கிறார். இப்போது அவரிடம் கதையும் அமைந்துவிட்டது. லிஃப்ட் கதவு மூடியதும் தொடங்குவார்: "என் மச்சினி பெரிய படத்துல நடிக்கறா, தெரியுமா? எப்படிக் கிடைச்சுது? எல்லாம் ஒரு ஃபேனால. ரெக்கார்ட் ஆகும்போது தானா அடங்கிடும் சார். அன்னிக்கு வீட்டுல யாரோ கேட்டுச் சொன்னாங்க, ஓடுதுன்னு..." பதினோராம் மாடி வருவதற்குள் முடித்துவிடுவார். யாரோ. அந்த யாரோவின் பெயரைச் சொல்ல மாடி போதவில்லை.

போகட்டும். இவ்வளவு நேரம் படித்தீர்களே, ஒன்று கேட்கலாமா? அந்தப் பெண்ணுக்கு வேடம் கிடைக்குமா என்று தவித்தீர்களா, இல்லை இதில் கேமராவின் மாடலை எங்குமே சொல்லவில்லையே என்று தவித்தீர்களா? சிரித்து மழுப்ப வேண்டாம். கேமராதான் வேண்டும் என்று இல்லை. உங்கள் வீட்டில் அது பதினெட்டு கியர் வைத்த சைக்கிளாக இருக்கலாம், அலமாரியில் பூட்டிவைத்த பேனாவாக இருக்கலாம், ஒருமுறைகூட வியர்வை படாத ஓட்டப்பயிற்சி இயந்திரமாக இருக்கலாம். 'கையில பிடிச்சுப் பாருங்க' என்று நீங்கள் எதைப் பற்றிச் சொல்கிறீர்களோ, அது.

அடுத்த தடவை சொல்லும்போது, எதிரே தலையாட்டிக்கொண்டிருப்பவரின் பக்கம் கொஞ்சம் காதைக் கொடுங்கள். உள்ளே மெலிதாக ர்ர்ர் என்று ஓடுகிறதா? நிம்மதி. நீங்கள் சொல்வது எதுவும் அங்கே பதிவாகவில்லை.

சத்தமே இல்லையா? அப்படியானால் ஜாக்கிரதை. பதிவாகிக்கொண்டிருக்கிறது.